கணக்கு மட்டும் போதுமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பெற்றோர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. "கணக்கு வரவேண்டும், இங்கிலீஷ் வரவேண்டும், கம்ப்யூட்டர் வரவேண்டும். அவ்வளவும் வந்துவிட்டால் எங்கேயாவது ஒரு வேலை கிடைத்துவிடும். சரித்திரமும் கதையும் எங்கள் பிள்ளைக்குச் சோறு போடுமா?" என்று கேட்கிறார்கள். இப்படிக் கேட்பவர்கள்மேல் நமக்குக் கோபமில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் 1960க்குப் பின் ஏற்பட்ட நாள் முதல், இந்தப் பக்கத்தில் கையில் தொழில் உள்ளவனுக்குச் சோறு உண்டு, இல்லாதவனுக்கு இல்லை என்பதைக் கண்ணால் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். வயிற்றுக்காகப் பேசுகிறவனைக் குற்றம் சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை.

ஆனால் இந்தப் பெற்றோர்கள் அறியாமல் சொல்லுகிற இதே வார்த்தையை, நன்றாக அறிந்தே சட்டமாக எழுதி வைத்தவர்கள் உலகத்தில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் யார், எதற்காக அப்படி எழுதினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், பிறகு எந்தத் தகப்பனும் "கணக்கு மட்டும் போதும்" என்று சொல்லத் துணியமாட்டான் என்பது நமது எண்ணம்.

அமெரிக்காவில் வட கரோலினா என்ற மாகாணத்தில் 1830ல் ஒரு சட்டம் செய்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்ட கறுப்பு மக்களுக்கு யாரும் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். மீறிச் சொல்லிக்கொடுப்பவன் வெள்ளைக்காரனாயிருந்தால் 100 டாலர் முதல் 200 டாலர் வரையில் அபராதம் அல்லது சிறை. ஓர் அடிமையே மற்றோர் அடிமைக்குச் சொல்லிக்கொடுத்தால் அவனுக்கு வெறும் முதுகில் 39 கசையடி. இவ்வளவு கடுமையான சட்டத்தில் ஒரே ஒரு விலக்கு மாத்திரம் வைத்தார்கள். அது என்ன தெரியுமா? எண்களை மட்டும் சொல்லிக்கொடுக்கலாம் என்பதுதான்!

தோழர்களே, இந்த விலக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அடிமைக்குக் கணக்குத் தெரிந்தால் மூட்டையை எண்ணுவான், மரத்தை அளப்பான், எஜமானனுடைய வேலை நடக்கும். அவனுக்கு எழுத்துத் தெரிந்தாலோ பத்திரிகையைப் படிப்பான், தான் ஏன் அடிமையானான் என்று கேட்பான், தப்பிப்போகிற வழியைத் தேடுவான். ஆகவே எஜமானனுக்குப் பயன்படும் படிப்பு இருக்கலாம், அடிமைக்குப் பயன்படும் படிப்பு கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் தத்துவம். அந்தச் சட்டம் செத்துப் பல காலமாகிவிட்டது. அதன் தத்துவம் செத்ததா என்பதே நமது கேள்வி.

அந்தக் காலத்தில் எழுத்தைத் திருடிப் படித்த ஒருவரின் கதையைச் சொல்லுகிறோம். பிரடெரிக் டக்ளஸ் என்பவர் மேரிலாந்து மாகாணத்தில் சுமார் 1818ல் அடிமையாகப் பிறந்தவர். தாம் பிறந்த தேதியே அவருக்குத் தெரியாது. ஆட்டுக்குட்டிக்குத் தேதி எழுதி வைப்பதுண்டா? அதுபோல்தான் அடிமைக் குழந்தைக்கும். அவர் சிறு பையனாக பால்டிமோர் நகரத்துக்கு அனுப்பப்பட்டபோது, அந்த வீட்டு எஜமானி இரக்கமுள்ளவளாயிருந்து எழுத்துக்களைச் சொல்லிக்கொடுத்தாள். புருஷன் இதைக் கண்டுபிடித்துத் தடுத்தான். படிப்பு வந்தால் இவன் அடிமைத்தனத்துக்கு உதவமாட்டான் என்று அவன் கண்டித்ததைக் கேட்டுக்கொண்டு நின்ற பையனுக்கு, விடுதலைக்கு வழி எது என்பது அன்றைக்கே விளங்கிவிட்டது.

அதன் பிறகு அவர் செய்ததைக் கேளுங்கள். வீட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் பசியோடு திரிந்த ஏழை வெள்ளைப் பையன்களுக்குக் கொடுத்து, அதற்குப் பதில் பாடம் வாங்கிக்கொண்டார். கப்பல் கட்டுகிற இடத்தில் தச்சர்கள் மரத்தின்மேல் குறித்த எழுத்துக்களைப் பார்த்து எழுதப் பழகினார். சுமார் 12 வயதில் பூட்ஸ் துடைத்துச் சேர்த்த 50 சென்ட் காசுக்கு ஒரு பள்ளிக்கூட வாசகப் புத்தகம் வாங்கினார். அந்தப் புத்தகத்தில் ஓர் எஜமானனும் அவனுடைய அடிமையும் வாதாடுவதாக ஒரு சம்பாஷணை இருந்தது. அடிமை வாதத்தில் ஜெயித்து விடுதலை பெறுகிறான். அந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த பையன் 1838ல் மாலுமி வேஷத்தில் தப்பித்துப்போனார். 1845ல் தமது சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். 1847ல் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகையே தொடங்கினார். ஒரு பள்ளிப் புத்தகத்தில் இருந்த சில பக்கம் ஒரு மனிதனை என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அடிமைத்தனம் 1865ல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் பள்ளிப் புத்தகம் ஒழுங்காயிற்றா? இல்லை. கறுப்பர்களுக்குச் சரித்திரமே கிடையாது என்பது போலத்தான் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இதை மாற்றப் பாடுபட்டவர் கார்ட்டர் உட்சன் என்ற உபாத்தியாயர். அடிமைகளாயிருந்த தாய் தகப்பனுக்கு 1875ல் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, இருபதாவது வயதில்தான் உயர்தரப் பள்ளியில் சேர்ந்து, 1912ல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றவர். சுரங்கத்தில் இருந்த நாளில், எழுத்தறியாத தொழிலாளிகளுக்கு இவர் பத்திரிகைகளை உரக்கப் படித்துக் காட்டுவார். அவர்கள் தங்கள் அநுபவங்களை இவருக்குச் சொல்லுவார்கள். நமது ஊர்ப் படிப்பகங்களிலும் டீக்கடைகளிலும் ஒருவர் பத்திரிகை படிக்கப் பத்துப்பேர் சுற்றி நின்று கேட்டார்களே, அதே மாதிரிதான். அந்த வாசிப்பிலிருந்து பிறந்ததுதான் அவர் 1926ல் ஆரம்பித்த நீக்ரோ சரித்திர வாரம். அந்தக் காலத்தில் வழங்கிய பெயர் அது. இன்று அம்மக்கள் அந்தச் சொல்லை ஏற்பதில்லை. அந்த வாரம் 1976 முதல் ஒரு மாதமாக விரிந்து, ஒவ்வொரு பிப்ரவரியிலும் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் நடந்துவருகிறது.

உட்சன் 1933ல் ஒரு புத்தகம் எழுதினார். கறுப்பர்களுக்குப் படிப்பு இல்லாதது மாத்திரம் குறையல்ல, கிடைக்கிற படிப்பும் அவர்களைத் தாங்களே தங்களைத் தாழ்வாக நினைக்கும்படி செய்கிறது என்பது அதன் சாரம். அதனால்தான் அவர் சரித்திரப் பாடத்தோடு நிற்கவில்லை. 1937 முதல் பள்ளி உபாத்தியாயர்களுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். கதையாகப் படித்து, கட்டுரையாக எழுதி, மேடையில் பேசி, நாடகமாக நடித்துப் பிள்ளைகள் இதைக் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். தேதிகளை மனப்பாடம் செய்தால் பரீட்சையோடு மறந்துபோகும். வாயால் படித்து, கையால் எழுதி, சொந்த வார்த்தையில் சொன்னது மறக்காது. ஆகவே அடிமைச் சரித்திரத்துக்குச் சரியான இடம் மொழிப் பாடம்தான்.

நிற்க, "இது அமெரிக்கா சங்கதி, அம்பத்தூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

வட கரோலினாக்காரன் சட்டம் செய்வதற்கு ஆயிரம் வருஷங்களுக்கு முன்னாலேயே நமது நாட்டுச் சாஸ்திரக்காரன் அதைச் செய்துவிட்டான். வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனுடைய காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்ற வேண்டும் என்று கௌதம தர்மசூத்திரம் எழுதி வைத்திருக்கிறது. வெள்ளைக்காரன் 39 அடியோடு விட்டான். நம்மவன் காதையே அடைக்கச் சொன்னான். அவன் சட்டம் முப்பத்தைந்து வருஷத்தில் செத்தது. நம்முடையதை இன்றைக்கும் புனித நூல் என்று பட்டுத்துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அக்காலத்தில் செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லாவின் கலெக்டர் டிரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர் 1891ல் பறையர் மக்களின் நிலைமையைப் பற்றிச் சர்க்காருக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், கடனுக்குத் தங்களையே அடகு வைத்துப் படியாட்களாகப் பரம்பரையாக உழைக்கிறார்கள் என்பதையும், தரிசு நிலத்துக்கு மனுப்போட்டால் மிராசுதார்கள் தடுக்கிறார்கள் என்பதையும் அதில் காட்டினார். அதன் பலனாகத்தான் 1892ல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் படிப்புக்கான சர்க்கார் உத்தரவு 1893ல் வந்தது. 1894ல் அடையாற்றில் ஆல்காட் இலவசப் பள்ளியைத் திறந்தார். இதெல்லாம் நமது சொந்த ஜில்லாவின் சரித்திரம். ஆவடியில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டு டிரமென்ஹீர் யார் என்று கேட்டுப் பாருங்கள். வாத்தியாரையும் சேர்த்துத்தான் கேளுங்கள்.

அதே செங்கல்பட்டு ஜில்லாவில் கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893ல் "பறையன்" என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தியவர். லண்டன் வட்டமேஜை மகாநாட்டுக்கு அம்பேத்கருடன் போனவர். அவர் தமது ஜீவிய சரித்திரத்தைச் சுருக்கமாக எழுதி 1939ல் வெளியிட்டார். கோயம்புத்தூரில் தாம் படித்த இடத்தில் சுமார் 400 மாணவர்களில் பத்துப்பேர் தவிர மற்றவர் எல்லோரும் பார்ப்பனர்கள் என்றும், பேச்சுக் கொடுத்தால் ஜாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தால் மணியடிக்கும் வரையில் வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து பிறகே வகுப்புக்குள் போவதும், வகுப்பு முடிந்ததும் விளையாடாமல் வேகமாக வீட்டுக்குத் திரும்புவதுமாக இருந்ததாகவும் அதில் எழுதியிருக்கிறார்.

இப்பொழுது டக்ளஸையும் இந்தச் சீனிவாசனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ரொட்டியைக் கொடுத்து எழுத்தை வாங்கிய ஒரு பையன். இங்கே விளையாட்டைக் கொடுத்துப் படிப்பை வாங்கிய ஒரு பையன். அவர் 1847ல் பத்திரிகை தொடங்கினார். இவர் 1893ல் தொடங்கினார். 1907ல் அயோத்திதாசர் ஒரு பைசா விலையில் "தமிழன்" நடத்தினார். எழுத்து கைக்கு வந்தவுடன் அதை அச்சில் ஏற்றித் தம் ஜனங்களிடம் பேச வேண்டுமென்று இருவேறு கண்டங்களில் ஒரே புத்தி தோன்றியது.

இந்த ஒற்றுமை நாம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. ஜோதிபா பூலே 1873ல் எழுதிய "குலாம்கிரி" என்னும் புத்தகத்தை, கறுப்பு அடிமைகளை விடுவித்த அமெரிக்க ஜனங்களுக்கே காணிக்கையாக்கினார். 1946ல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பர்களின் தலைவரான டுபாய்ஸ் என்ற அறிஞருக்குக் கடிதம் எழுதி, அவர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியைக் கேட்டார். டுபாய்ஸ் அன்போடு பதில் எழுதினார். 1959ல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்தபோது, கேரளத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கூடத்தில் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்தினார். முதலில் அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. யோசித்துப் பார்த்தபின் அது உண்மை என்று ஒப்புக்கொண்டார். இதை அவரே பிற்காலத்தில் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். உறவு அவருக்கே தெரிந்தபிறகு, இல்லை என்று சொல்ல நாம் யார்?

பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஒரு சர்க்கார் பள்ளிக்கூடம் இருக்கிறது. தோலின் நிறத்துக்காக மனிதனை மனிதன் சந்தையில் விற்றான் என்று அங்குள்ள ஒரு பிள்ளைக்குச் சொன்னால், "நிறம் என்றால் அவ்வளவு பெரிய விஷயமா?" என்று கேட்கும். அந்தப் பிள்ளையின் கேள்வி நியாயமானது. ஆனால் ஜாதியின் கதை அதைவிட மோசம். நிறமாவது கண்ணுள்ளவனுக்குத் தெரிகிறது. ஜாதி கண்ணுள்ளவனுக்கும் தெரிவதில்லை. அதனால்தான் பேரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, தகப்பன் தொழிலைக் கேட்டுக் கண்டுபிடிக்கப் பாடுபடுகிறார்கள்.

இனி, வட கரோலினாவின் தத்துவம் பிற்காலத்திலும் உயிரோடிருந்ததற்கு நமது நாட்டிலேயே அத்தாட்சி உண்டு. 1953ல் ராஜகோபாலாச்சாரியார் முதல் மந்திரியாயிருந்தபோது, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் அரை நாள் படித்தால் போதும், மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். வண்ணான் மகன் துணி வெளுக்கவும் தோட்டி மகன் மலம் அள்ளவும் சர்க்கார் செலவில் நேரம் ஒதுக்கப்பட்டது! நாடு கொதித்தெழுந்தது. 1954ல் அவர் பதவியை விட்டுப்போனார், காமராஜர் அந்தத் திட்டத்தைத் தூக்கியெறிந்தார். குலக்கல்வியை எதிர்த்து மறியல் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு "தொழிலுக்கான படிப்பு மட்டும் போதும், சரித்திரம் வேண்டாம்" என்று தாமாகவே சொல்லுவார்களேயானால், ஆச்சாரியார் தோற்றாரா, ஜெயித்தாரா என்று கேட்கிறோம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2023 ஜனவரியில் ப்ளோரிடா மாகாணம் கறுப்பர் சரித்திரத்தைப் பற்றிய ஓர் உயர்தரப் பாடத்தையே பள்ளிகளில் நடத்தக்கூடாதென்று தள்ளியது. அதே வருஷம் ஜூலையில், அடிமைகள் கற்றுக்கொண்ட கைத்தொழில் சில சமயம் அவர்களுடைய சொந்த நன்மைக்கும் பயன்பட்டது என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும்படி விதி செய்தது. ஆஹா, என்ன கருணை! சங்கிலி போட்டவன் இரும்பு வேலையும் கற்றுக்கொடுத்தானாம்!

நம்மிடத்தில் நடந்ததைப் பாருங்கள். மத்திய சர்க்காரின் ஒன்பதாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்தில், திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலே சீலை உடுத்தும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடி 1859ல் அரச உத்தரவு பெற்ற தோள்சீலைப் போராட்டம் இருந்தது. அந்தப் பகுதியில் அந்தச் சமூகத்தைப் பற்றித் தவறான செய்திகள் இருக்கின்றன என்று 2012ல் தமிழ்நாட்டில் கண்டனம் எழுந்தது. தவறு இருந்தால் என்ன செய்ய வேண்டும்? திருத்த வேண்டும். செய்தது என்ன? 2016ல் அந்தப் பகுதி பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. 2019ல் அந்த அத்தியாயமே புத்தகத்திலிருந்து போயிற்று. துணியில் அழுக்கு இருக்கிறதென்று சொன்னால் துணியையே கொளுத்திவிட்டார்கள். சீலை உடுத்தியதற்காக அடிபட்ட பெண்களின் சரித்திரம் அடியோடு போயிற்று. அடித்தவனுக்கு எவ்வளவு சௌகரியம்!

நமது தமிழ்நாட்டுப் புத்தகங்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2019ல் வந்த எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அயோத்திதாசரைப் பற்றி ஒரு பாடமும் அம்பேத்கரைப் பற்றி ஒரு பாடமும் சேர்த்தார்கள். இது நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் பாடம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதுமா? "எங்கே பிறந்தார்? எந்த ஆண்டு? கோடிட்ட இடத்தை நிரப்புக" என்று முடித்துவிட்டால், அவர் எதை எதிர்த்தார் என்ற இடம் என்றைக்கும் நிரப்பப்படாத கோடாகவே கிடக்கும். பாடத்தைக் கொண்டுபோய்ப் படத்துக்கு மாலை போடுகிற மாதிரி ஆக்கிவிட்டால், அதுவும் ஒரு பூஜைதான்.

இதற்குச் சிலர் ஆட்சேபணை சொல்லுகிறார்கள்.

ஒருவர், "பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள்?" என்கிறார். புண் ஆறிவிட்டதா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் சக மாணவர்கள்தானே? அதன்மேல் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்து, பிள்ளைகள் கையில் ஜாதிக் கயிறு கட்டக்கூடாது, பள்ளிக்கூடப் பெயரில் ஜாதி இருக்கக்கூடாது என்றெல்லாம் சொல்ல வேண்டிய அவசியம் ஏன் வந்தது? நமது ஆவடியிலேயே நரிக்குறவர் பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் தாங்கள் ஒதுக்கப்படுவதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். 2022 ஏப்ரலில் முதலமைச்சரே அவர்கள் குடியிருப்புக்கு வந்து சாப்பிட்டார். அதே வருஷம் டிசம்பரில் அந்தச் சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா பார்லிமெண்டில் நிறைவேறியது. முதலமைச்சர் வந்து சாப்பிட்டது சரி. பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாமா? அதற்குச் சட்டம் போதாது, பாடம் வேண்டும்.

மற்றொருவர், "ஜாதி இந்துப் பிள்ளைகள் மனம் நோகாதா? பாட்டன் செய்த பாவத்துக்குப் பேரனா வெட்கப்படுவது?" என்கிறார். வெட்கப்படச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளச் சொல்லுகிறோம். டக்ளஸுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அந்த எஜமானியைப் பாருங்கள். முதலில் இரக்கமுள்ளவளாயிருந்தவள், புருஷன் சொல்லுக்குப் பின் அவர் கையில் பத்திரிகையைக் கண்டாலே பிடுங்குகிறவளாக மாறிவிட்டாள். அடிமைத்தனம் தன்னைக் கெடுத்தது போலவே அவளையும் கெடுத்தது என்று டக்ளஸே எழுதியிருக்கிறார். இந்தப் பாடம் கையில் கயிறு கட்டிக்கொண்டு வருகிற பிள்ளைக்குத்தான் முதலில் வேண்டும். எழுத்துச் சொல்லிக்கொடுத்த எஜமானியாயிருப்பதா, பிடுங்கிய எஜமானியாயிருப்பதா என்று அவன் தீர்மானிக்கட்டும்.

மூன்றாமவர், "தமிழ்ப் பாடத்தில் இலக்கணம் நடத்தவே நேரமில்லை" என்கிறார். நாம் சொல்லுவதும் இலக்கணம்தான். வகுப்பில் செய்யத்தக்க சில காரியங்களைச் சொல்லுகிறோம். இதற்குப் பணம் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

முதலாவது, செய்வினை, செயப்பாட்டுவினைப் பாடம். "அடிமைகள் விற்கப்பட்டார்கள்", "பிள்ளைகள் பள்ளியில் சேர்க்கப்படவில்லை", "நிலம் பறிக்கப்பட்டது" என்று கரும்பலகையில் எழுதிச் செய்வினையாக மாற்றச் சொல்லுங்கள். விற்றது யார், சேர்க்காதது யார், பறித்தது யார் என்று எழுவாயைத் தேடாமல் பிள்ளையால் மாற்ற முடியாது. சரித்திரத்தில் குற்றவாளி ஒளிந்துகொள்ளுகிற இடமே செயப்பாட்டுவினைதான்.

இரண்டாவது, சொல் ஆராய்ச்சி. 2015ல் அமெரிக்காவில் ஒரு பாடப் புத்தகத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களைத் "தொழிலாளிகள்" என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவன் அதைப் படமெடுத்துத் தாய்க்கு அனுப்பினான்; தாய் உலகமறியச் செய்தாள்; புத்தகம் போட்ட கம்பெனி தவறை ஒப்புக்கொண்டு திருத்தியது. ஒரு சொல்லுக்காக! நம்மிடம் "படியாள்", "பண்ணையாள்" என்ற சொற்கள் எதை மறைக்கின்றன? 1922ல் சட்டசபையில் எம். சி. ராஜா, "பறையர்", "பஞ்சமர்" என்பதற்குப் பதில் "ஆதிதிராவிடர்" என்று வழங்க வேண்டுமென்று ஏன் தீர்மானம் கொண்டுவந்தார்? அவரும் பரங்கிமலையில் பிறந்த ஓர் உபாத்தியாயர்தான். 2025 ஏப்ரலில் "காலனி" என்ற சொல்லைச் சர்க்கார் பதிவுகளிலிருந்து நீக்குவதாக ஏன் அறிவித்தார்கள்? பிள்ளைகள் தங்கள் ஊரில் வழங்கும் இப்படிப்பட்ட சொற்களையும் ஜாதியை இழிவு செய்யும் பழமொழிகளையும் திரட்டி வந்து, ஒவ்வொன்றும் யாருக்காக யார் செய்தது என்று எழுதட்டும்.

மூன்றாவது, வாசிப்பு. டக்ளஸ் எழுத்துப் படித்த கதையையும் இரட்டைமலை சீனிவாசன் மணியடிக்கும் வரை வெளியே காத்திருந்த கதையையும் எளிய தமிழில் ஒரே நாளில் உரக்கப் படிக்கச் செய்து, இருவரும் சந்தித்தால் என்ன பேசுவார்கள் என்று சம்பாஷணை எழுதச் சொல்லுங்கள். சின்ன வகுப்புக்கு ரூபி பிரிட்ஜஸ் கதை இருக்கிறது. ஆறு வயதுக் கறுப்புப் பெண் குழந்தை, 1960 நவம்பர் 14ந் தேதி, போலீஸ் காவலுடன் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போனது. வெள்ளைப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட, ஓர் ஆசிரியையும் அந்தக் குழந்தையும் மாத்திரம் அந்த வருஷம் முழுதும் தனி வகுப்பில் இருந்தார்கள். நவம்பர் 14ந் தேதி நமக்குக் குழந்தைகள் தினம். மிட்டாய் கொடுத்த பிறகு ஐந்து நிமிஷம் இந்தக் கதையைப் படிக்கக் கூடாதா?

நான்காவது, கடிதம் எழுதுதல். "விடுமுறை வேண்டி விண்ணப்பம்" எழுதிக் கை சலித்த பிள்ளைகள், அம்பேத்கர் டுபாய்ஸுக்கு எழுதியது போல, கடல் தாண்டி ஒரு பள்ளிப் பிள்ளைக்குத் தன் ஊர்க் கதையை எழுதட்டும். பாட்டியிடம், தாத்தாவிடம் கேட்டு எழுதட்டும். எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்க முடியவில்லை, எந்தத் தெருவில் யார் செருப்புப் போட்டு நடக்க முடியவில்லை என்பது அந்தக் கிழவிகளின் வாயில் இருக்கிறது. அவர்கள் போய்விட்டால் அந்தப் புத்தகமும் போய்விடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்தப் பாடத்தை நடத்தும்போது எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தி "உன் ஜாதியைப் பற்றிச் சொல்" என்று கேட்கக் கூடாது. ஒடுக்கப்பட்ட பிள்ளையை வகுப்பின் முன் காட்சிப் பொருளாக்குவது பாடமல்ல, பழைய அவமானத்தின் மறு பதிப்பு. பாடம் எல்லாப் பிள்ளைக்கும் பொது. கேள்வி எல்லோருக்கும் ஒன்று.

தோழர்களே, இதையெல்லாம் யார் செய்வது என்று கேட்டுக்கொண்டு சர்க்காரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. 2009ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுக்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான் இருக்க வேண்டும். அதாவது நீங்கள்தான். குழாயும் கக்கூசும் பற்றிக் கேட்கிற அந்தக் கூட்டத்தில், அவை கட்டாயம் கேட்க வேண்டியவைதான், "எங்கள் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் என்ன படிக்கிறார்கள்? அயோத்திதாசர் பாடத்தை எப்படி நடத்தினீர்கள்?" என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். கேட்கிறவர்கள் பத்துப்பேர் ஆனால் வாத்தியாருக்கும் தைரியம் வரும். நல்ல வாத்தியார்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குத் துணைதான் இல்லை. பள்ளிக்கூடம் செய்யாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் படிப்பகத்திலோ திண்ணையிலோ பிள்ளைகளைச் சேர்த்து வைத்து உரக்கப் படியுங்கள். உட்சன் சுரங்கத்தில் அதைத்தான் செய்தார்.

"எண்ணும் எழுத்தும்" என்ற திட்டத்தைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் 2022 ஜூனில் நமது திருவள்ளூர் ஜில்லா அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கினார்கள். எண்ணோடு எழுத்தையும் சேர்த்துச் சொன்ன பெயர் நல்ல பெயர். எண்ணை மட்டும் கொடுத்து எழுத்தைப் பிடுங்கியவன் அடிமை எஜமானன். எழுத்தைக் கொடுத்து, அதைக்கொண்டு படிக்க வேண்டிய தன் சரித்திரத்தைப் பிடுங்குகிறவனுக்கும் வேறு பெயர் கிடையாது. உங்கள் பிள்ளை தொழிற்சாலைக்குப் போகட்டும், கம்ப்யூட்டர் முன்னால் உட்காரட்டும், நிறையச் சம்பாதிக்கட்டும். ஆனால் சம்பளச் சீட்டைக் கூட்டத் தெரிந்த அதே பிள்ளைக்கு, தன் பாட்டனுக்குச் சம்பளமே ஏன் கிடைக்கவில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவனை மறுபடியும் ஒருவன் அடிமையாக்க முடியாது.